உப்போடைப்பட்டி மழை: பதிப்பு ஒன்று

நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சியின் கம்பெனியிலிருந்து எந்தச் சரக்கும் முழுசாக வெளியே போகாது. ஒரு குறை வைத்துத்தான் அனுப்புவார். அவருடைய அப்பா காலத்தில் அது தீப்பெட்டி ஆபீஸ். புது லேபிள் ஒட்டி முதல் பண்டல் லாரி ஏறும்போது, ஒரே ஒரு பெட்டியில் ஒரே ஒரு குச்சியை மருந்தில் முக்காமல் வைப்பார்கள். கண் பட்டுவிடக் கூடாதே, அதற்காக. சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த தகவல் வந்தபிறகு, அடுத்த பண்டலில் அந்த மொட்டைக் குச்சி இருக்காது. மூன்று தலைமுறையாகக் குடும்பம் நிற்பது இதனால்தான் என்று அண்ணாச்சி நம்பினார். காசு கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கி, இருட்டில் மொட்டைக் குச்சியை உரசிக்கொண்டிருந்த ஆள் என்ன நம்பினாரோ, யாரும் போய்க் கேட்கவில்லை.

தீப்பெட்டி ஆபீஸைத் தம்பிமார் பார்த்துக்கொள்ள, அண்ணாச்சி கோவில்பட்டியில் ஓர் இரும்புக்கடை மாடியில் சாப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். ஆறு கம்ப்யூட்டர், நாலு பேர், அண்ணாச்சியின் அறைக்கு மட்டும் ஏ.சி. தொழில்தான் மாறியதே தவிர மொட்டைக் குச்சி மாறவில்லை. கடைக்குப் பில் போடும் புரோகிராமானாலும் சரி, பள்ளிக்கூடத்து வருகைப்பதிவானாலும் சரி, முதல் பதிப்பில் ஒரு சின்னக் கோளாறு இருந்தாக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கழிந்ததும் அதை எடுத்துவிட்டு இரண்டாம் பதிப்பு அனுப்ப வேண்டும். அந்தக் கோளாறுக்கு ஆபீஸில் பொட்டு என்று பெயர். குழந்தை கன்னத்தில் வைக்கிற மாதிரிதான்.

பூங்கொடி அங்கே ஏழு வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறாள். புதூர்ப் பக்கம் உப்போடைப்பட்டிக்காரி. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். ஊரில் இருப்பது அப்பாவின் தங்கை பேபி அத்தை. பொட்டு விஷயத்தில் பூங்கொடிக்குத் துளி நம்பிக்கை கிடையாது. ஒரு ஜவுளிக்கடைக்கான புரோகிராமை ஒருமுறை பொட்டு வைக்காமலே அனுப்பினாள். திறப்பு விழா அன்றே அது படுத்துக்கொண்டது. காரணம் கரண்ட் என்று எலெக்ட்ரீஷியனே சொன்னான். ஆனால் அண்ணாச்சி பார்த்த பார்வையில் அவள் அதோடு வாதாடுவதை விட்டுவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. கோடையில் எந்தெந்த ஊருக்குத் தண்ணீர் லாரி விடுவது என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் புரோகிராம். ஐப்பசி, கார்த்திகையில் ஊர் ஊராகப் பெய்த மழை, கிணற்று நீர்மட்டம், ஜனத்தொகை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பட்டியல் தர வேண்டும். அதற்கு முந்தின வருஷம் இதே பட்டியல் மூன்று இருந்தது. ஒன்றின் பெயர் ‘கடைசி’, இன்னொன்று ‘கடைசி புதுசு’, மூன்றாவது ‘அய்யா பார்த்த கடைசி’. ஒன்றில் இருக்கிற ஊர் மற்றதில் இல்லை. ஜனங்கள் காலிக்குடத்தோடு பஸ்ஸை மறித்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. எந்தப் பட்டியலை எந்தப் புரோகிராம் போட்டது என்று ஜட்ஜ் கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

அன்றைக்குக் கோர்ட்டில் தலைகுனிந்து நின்றவர் பிரிவு அலுவலர் இசக்கிதுரை. நேர்மையான மனிதர், அதனாலேயே பேசுவதற்குக் கொஞ்சம் கஷ்டமான மனிதர். இந்தத் தடவை கண்டிப்பாக ஒரு நிபந்தனை போட்டார். புரோகிராமின் ஒவ்வொரு பதிப்பையும் இணையத்தில் பொதுக் காப்பகம் ஒன்றில் சேர்க்க வேண்டும். காப்பகம் அதற்கு ஒரு நிரந்தர எண் கொடுக்கும். அந்த எண்ணை யாரும் மாற்ற முடியாது, பதிப்பை யாரும் அழிக்க முடியாது.

அலுவலக ஊழியர்களுக்கு இதை விளக்க பூங்கொடியைத்தான் அனுப்பினார்கள். அவளும் வாய் நிறையப் பேசினாள்.

“ரெண்டு நம்பர் கொடுப்பாங்க சார். ஒண்ணு மொத்தப் புரோகிராமுக்கு. அது பஸ்ஸோட ரூட் நம்பர் மாதிரி. அதைச் சொன்னா, இன்னைக்கு எந்த வண்டி ஓடுதோ அந்தப் புது வண்டி வந்து நிக்கும். இன்னொண்ணு ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியா உள்ளது. அது வண்டி நம்பர். அதைச் சொன்னா அந்த வண்டிதான் வரும். பஞ்சராக் கிடந்தாலும் அதேதான்.”

“அழிக்கவே முடியாதோ?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“கழுகுமலைப் பாறையில வெட்டி வச்ச எழுத்து மாதிரி சார். அப்பிடியே கிடக்கும்.”

இசக்கிதுரை அந்த உவமையை நோட்டில் எழுதிக்கொண்டார். பெருமையாக இருந்தது பூங்கொடிக்கு. எதற்கு எழுதிக்கொள்கிறார் என்று அப்போது தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருப்பாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம், புதன்கிழமை, முதல் பதிப்பு தயாரானது. காப்பகத்தில் ஏற்ற உட்கார்ந்தபோது அண்ணாச்சி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

“ஏம்மா, பொட்டு வச்சாச்சா?”

“அண்ணாச்சி, இது கவர்மென்ட் வேலை. அழிக்க முடியாத இடத்துல ஏத்துதோம்.”

“அதனாலதாம்மா சொல்லுதேன். ஊரு உலகம் பூரா பாக்கும். அவ்வளவு கண்ணுக்கும் பொட்டு இல்லாம எப்பிடி? வெள்ளி கழிஞ்சதும் ரெண்டாவதை ஏத்திரு. ரூட் நம்பரு புது வண்டிக்குத்தானே போகும்? நீதானே சொன்னே?”

சொன்னது அவள்தான். பட்டியல் எடுக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஐந்து நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தாள். ஆனால் பொட்டு எங்கே வைப்பது? புரோகிராமோடு சேர்ந்தே போகிற மழைக்கணக்கில் முந்நூற்றுச் சொச்சம் ஊர்கள் இருந்தன. விளாத்திகுளம் பக்கத்து ஊர் ஒன்றில் கையை வைத்துப் பார்த்தாள். மனசு வரவில்லை. அடுத்தவர் ஊர்த் தண்ணீரில் விளையாட நமக்கு என்ன உரிமை என்று தோன்றியது. கடைசியில் சொந்த ஊருக்கு வந்தாள். உப்போடைப்பட்டி, 212 மில்லிமீட்டர். பின்னால் ஒரு சைபர் சேர்த்தாள். 2120. அதற்கு நேரே, மறந்துபோகக் கூடாது என்று ஒரு குறிப்பும் எழுதினாள்: ‘பொட்டு. கண் படாமல் இருக்க. வெள்ளி கழித்து எடுக்கவும்.’

யோக்கியமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடு மறுநாள் ஒரு தோழியின் வளைகாப்புக்குச் சங்கரன்கோவில் போய்விட்டாள்.

அந்த ஒரு நாளில்தான் அண்ணாச்சி அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினார். நிரந்தர எண்ணைக் குறிப்பிடவும் என்று ஓர் இடம் இருந்தது. எண் இரண்டு இருக்கிறது, கேட்கிற இடம் ஒன்றுதான். அண்ணாச்சிக்குக் குழப்பமே வரவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டிப்பார்த்தார். மொத்தப் புரோகிராமின் எண் 7301915. கூட்டினால் இருபத்தாறு, ஆறும் இரண்டும் எட்டு. கார் வாங்கினாலும் வீடு கட்டினாலும் எட்டு அவருக்கு ஆகாது. முதல் பதிப்பின் எண் 7301916. கூட்டினால் இருபத்தேழு, ஏழும் இரண்டும் ஒன்பது. ஒன்பதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுதி, மஞ்சள் தடவி அனுப்பிவிட்டார்.

பூங்கொடி திங்கட்கிழமை சொன்னபடி பொட்டை எடுத்துவிட்டு இரண்டாம் பதிப்பை ஏற்றினாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

மார்ச் கடைசியில் பட்டியல் வந்த அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பேபி அத்தையின் போன். அத்தை பஞ்சாயத்தில் வார்டு மெம்பர். போனில் பேசினாலும் கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்.

“ஏட்டி பூங்கொடி, நம்ம ஊர்ல பேய்மழ பெஞ்சிருக்காமே, தெரியுமா?”

“எப்ப அத்தை?”

“அதைத்தான் நானும் கேட்டேன். கார்த்திகையில பெஞ்சிருக்காம். மாவட்டத்துலயே நம்ம ஊர்லதான் அதிகமாம். லாரி கிடையாதுன்னு சொல்லுதாவ. நான் அந்தக் கிளார்க் தம்பிகிட்டச் சொன்னேன், ‘ஏய்யா, நான் அங்கனதான் குடியிருக்கேன், ரெண்டு மூணு மழையோட நின்னுட்டே’ன்னு. கம்ப்யூட்டர் சொல்லுதுங்காரு. எந்தக் கம்ப்யூட்டருட்டி அது?”

பூங்கொடிக்கு அந்தச் சைபர் ஞாபகம் வந்தது. புளிச்சாத டப்பாவை மூடிவிட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தாள்; முதல் பதிப்பின் எண்தான் அதில் இருந்தது.

உப்போடைப்பட்டியில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான். துணி துவைத்தால் நுரை வராது, பருப்பு வேகாது. கோடையில் லாரி வராவிட்டால் இரண்டு மைல் தள்ளியிருக்கிற ஊருணிக்குத் தள்ளுவண்டியில் குடத்தை வைத்துக்கொண்டு போக வேண்டும். அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி. எல்லாம் தன் கை சேர்த்த ஒரு சைபரால் வந்தது.

மறுநாள் காலையிலேயே இசக்கிதுரை முன்னால் நின்றாள்.

“சார், ரெண்டாம் பதிப்புல சரியா இருக்கு. அதை ஓட்டினா எங்க ஊரு பட்டியல்ல வந்துரும்.”

அவர் ஆணையை எடுத்து மேஜையில் வைத்தார். நிரந்தர எண் 7301916 கொண்ட பதிப்பு மட்டுமே செல்லும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

“ரூட் நம்பரைப் போட்டிருக்கலாமே சார்?”

“நீங்க எழுதிக் கொடுத்தது இந்த நம்பர்தானே? எனக்கும் இதுதாம்மா புடிச்சிருந்தது. ரூட் நம்பரைப் போட்டா நீங்க நாளைக்கு ஒண்ணை மாத்துவீங்க, மறுநாள் ஒண்ணை மாத்துவீங்க. போன வருஷம் நான் கோர்ட்ல நின்னது போதாதா?” நோட்டைத் திறந்து வாசித்தார். “கழுகுமலைப் பாறையில வெட்டி வச்ச எழுத்து மாதிரி. யாரு சொன்னது?”

“நான்தான் சார்.”

“அப்ப என்னம்மா செய்யச் சொல்லுதே?”

அவர் செய்தது தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. தப்பான மனிதராக இருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். முதல் பதிப்பில் அந்த எண் எப்படித் தப்பாக வந்தது என்று கம்பெனி எழுத்தில் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு கணக்கு வந்தால் புரோகிராம் தானாகவே நின்றுவிடுகிற மாதிரி மூன்றாம் பதிப்பு வேண்டும். அதோடு காப்பகத்திலும் அந்தக் காரணத்தை எல்லோரும் படிக்கும்படி போட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஆணையைத் திருத்தலாமா என்று மேலே கேட்பார்.

“காரணம் உண்மையா இருக்கணும்மா. இது எந்தக் காலத்துலயும் அழியாது” என்றார்.

ஆபீஸுக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் சொன்னாள். எட்டு ஆகாதென்று ஒன்பதைப் போட்டு அனுப்பியதைச் சொல்லிவிட்டு அவர் சாவகாசமாக யோசித்தார்.

“உங்க ஊர்ல மழையளவு எழுதுறது யாரு?”

“மாடக்கண்ணு மாமா. டேங்க் ஆப்பரேட்டர்.”

“அப்பறம் என்ன? அவரு ஒரு சைபரைக் கூடப் போட்டுட்டாருன்னு எழுது. முடிஞ்சது சோலி. அந்தாளைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, விட்ருவாங்க.”

மாடக்கண்ணு பன்னிரண்டு வருஷமாகக் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து பார்க்கிறவர். மழை அபூர்வமாகப் பெய்கிற ஊரில், பெய்யாத நாளில் ‘இல்லை’ என்று எழுதக்கூட ஒருநாளும் தவறியதில்லை. மகள் கல்யாணத்தன்று பட்டுவேட்டியோடு வந்து ‘இல்லை’ எழுதிவிட்டுப் போனவர். தற்காலிக வேலை. திட்டோடு விடமாட்டார்கள், ஆளையே மாற்றிவிடுவார்கள்.

“அது மாட்டேன் அண்ணாச்சி. எழுதினாலும் செல்லாது” என்றாள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

காப்பகத்தில் முதல் பதிப்பு அப்படியே இருந்தது. அதில் 2120. அதற்கு நேரே அவளுடைய சொந்தத் தமிழில், ‘பொட்டு. கண் படாமல் இருக்க. வெள்ளி கழித்து எடுக்கவும்.’ கீழே ஆசிரியர் என்ற இடத்தில் அவள் பெயர், ஏற்றிய தேதி, நேரம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவையும் படித்தார்.

“இதை எதுக்கும்மா எழுதினே?”

“மறந்துரக் கூடாதுன்னுதான்.”

“நல்லா ஞாபகம் வச்சே, போ” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூங்கொடி உட்கார்ந்து எழுதினாள். சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அதில் இந்த நிரந்தர எண்ணைப் பெருமையாகக் குறிப்பிட்டும் இருந்தாள். அவர்கள் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘மென்பொருளுக்குத் திருஷ்டி படாமல் இருக்க, எங்கள் நிறுவன வழக்கப்படி, உப்போடைப்பட்டி மழையளவில் வேண்டுமென்றே ஒரு சைபர் சேர்த்தேன். மழைமானி பார்த்தவர் எழுதியது சரியே. பிழை என்னுடையது.’ பூசிமெழுக நாலு தடவை முயன்று, நாலு தடவையும் அழித்துவிட்டு, முதலில் எழுதியதையே வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் பதிப்பை ஏற்றப்போகும்போது கதவு திறந்தது. பழக்கதோஷம் யாரை விட்டது?

“ஏம்மா, இதுக்குப் பொட்டு...”

“எந்த ஊர்ல வைக்கட்டும் அண்ணாச்சி?” என்று திரும்பாமலே கேட்டாள். “எங்க ஊர்ல வச்சுப் பாத்தாச்சு. உங்க தெருவுல வைக்கவா? எங்க ஊர்ல வச்சதுக்கு லாரி நின்னுட்டு. உங்க தெருவுல வச்சா குழாய்த் தண்ணி மட்டும் நிக்கும், அவ்வளவுதான்.”

அண்ணாச்சி ஏ.சி.யைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“வேண்டாம்மா. வாசல்ல ஒரு எலுமிச்சம்பழம் கட்டிக்கிடுவோம்” என்றார்.

இசக்கிதுரை அந்தக் காரணத்தைப் படித்த அழகை அவள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். முதலில் புருவம் ஏறியது. பிறகு வாய் கோணியது. சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா தெரியவில்லை.

“வேற எந்த ஊர்லயாவது வச்சிருக்கியாம்மா?”

“இல்ல சார்.”

“அது ஏன் உன் ஊர்ல?”

“அடுத்தவிய ஊர்ல கை வைக்க மனசு வரல சார்.”

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். “இதைச் சேத்து எழுதியிருக்கலாமே” என்றார்.

“அது சால்ஜாப்பு மாதிரி இருக்கும் சார்.”

“இனிமே ரூட் நம்பரா, வண்டி நம்பரா?”

“வண்டி நம்பரே போடுங்க சார். வண்டியை ஒரு தடவை சுத்திப் பாத்துட்டுப் போடுங்க.”

கோப்பு மேலே போய்க் கீழே வர இருபத்து மூன்று நாள் ஆனது. அந்த இருபத்து மூன்று நாளும் பேபி அத்தை தள்ளுவண்டியில் குடம் ஏற்றினாள். தினமும் சாயங்காலம் போன் போட்டு, “இன்னைக்கும் உங்க கம்ப்யூட்டர் மழைதாட்டி, குடை புடிச்சுக்கிட்டுத்தான் தண்ணிக்குப் போனேன்” என்பாள். பொட்டு வைத்தது தான்தான் என்று சொல்லும் தைரியம் பூங்கொடிக்கு வரவில்லை.

இதற்கிடையில் அண்ணாச்சி ஒருநாள் உற்சாகமாக வந்தார். காப்பகத்தில் ஒவ்வொரு பதிப்பையும் எத்தனை பேர் இறக்கிப் பார்த்தார்கள் என்ற கணக்கு இருக்கும். மூன்றாம் பதிப்புக்கு நாற்பது பேர். முதல் பதிப்புக்குப் பதினோராயிரம். திருஷ்டிப் பொட்டு வைத்த புரோகிராம் என்று யாரோ எங்கேயோ எழுதிவிட்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள்.

“பதினோராயிரம் கண்ணு! பொட்டு இல்லேன்னா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாரு” என்றார் அண்ணாச்சி. அவரை யார் என்ன செய்ய முடியும்? சென்னைக் கம்பெனியிலிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை.

சித்திரை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உப்போடைப்பட்டிக்கு முதல் லாரி வந்தது. பூங்கொடி காலை பஸ்ஸிலேயே ஊருக்குப் போயிருந்தாள். தெருவில் குடங்கள் பச்சையும் மஞ்சளுமாக வரிசை போட்டு நின்றன. மாடக்கண்ணு குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசையை விரட்டினார். எட்டரைக்கு இதை விட்டுவிட்டு மழைமானியைப் பார்க்க ஓடி, ‘இல்லை’ எழுதிவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

கடைசிக் குடமும் நிறைந்தபிறகு, அத்தை வாசலில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருக்கும்போது, பூங்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். சைபர் சேர்த்தது, பொட்டு, ஒன்பது, எட்டு, எல்லாம். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். அத்தை நீவுவதை நிறுத்தினாள்.

“அப்ப எம் முழங்கால்லதான் பொட்டு வச்சிருக்கே.”

“மன்னிச்சிரு அத்தை.”

“இப்ப அந்தத் தப்புக் கணக்கு எங்கன இருக்கு? அழிச்சாச்சா?”

“அழிக்க முடியாது அத்தை. பக்கத்துல ‘தப்பு’ன்னு வேணா எழுதலாம். எழுதிட்டேன். ஆனா அது அங்கனயேதான் கிடக்கும். நம்மளுக்குப் பெறகும் கிடக்கும்.”

“என்னன்னு கிடக்கும்?”

“உப்போடைப்பட்டியில ரெண்டாயிரத்து நூத்தி இருவது மில்லிமீட்டர் மழ பெஞ்சுதுன்னு.”

அத்தை தெருவைப் பார்த்தாள். குடங்கள் இருந்த இடத்தில் சிந்திய தண்ணீரைக் கரிசல் மண் அதற்குள் குடித்து முடித்திருந்தது.

“அவ்வளவு மழையாட்டி?” என்றாள். “கிடக்கட்டும். பக்கத்துல தப்புன்னு எழுதினே பாரு, அதை மட்டும் எடுத்துர முடியுமா?”

“அதுவும் முடியாது அத்தை” என்றாள் பூங்கொடி.